கதிர்வீச்சுக் கணக்கு நோயாளிக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக்குப் போன நாளெல்லாம் சட்டையில், உடம்பில் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கு அனுப்புவோம். என் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று பெயர் போட்டுக் கணக்கு வந்துவிடும். எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. மேசையில் படுத்திருந்த நோயாளிக்கு இப்படி ஒரு கணக்கு இல்லையே என்று அப்போது நான் யோசித்ததில்லை.

போன மாதம் என் ஆறு வயதுப் பேத்தி மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டாள். இரண்டு முறை வாந்தி. பக்கத்து ஊர் ஸ்கேன் சென்டரில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள்; அதுவும் எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் படம்தான். எடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான்கு மணி நேரம் கழித்து மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிலிமும் குறுந்தகடும் இருந்த கவரை மருமகன் நீட்டியிருக்கிறார். யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "எங்க மெஷின்ல எடுத்தாத்தான் டாக்டர் பார்ப்பார்" என்று மறுபடியும் படுக்க வைத்துவிட்டார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குழந்தை நலமாக வீடு திரும்பினாள். அப்புறம் இரண்டு குறுந்தகடுகளையும் கணினியில் போட்டுப் பார்த்தேன். படங்களோடு, எவ்வளவு கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது என்று காட்டும் 'டோஸ் ரிப்போர்ட்' என்று ஒரு பக்கம் இருந்தது. இரண்டாவது ஸ்கேனின் அளவு முதலாவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே 'அடல்ட் ஹெட்' என்று இருந்தது. பெரியவர்களுக்கு வைக்கும் அளவிலேயே ஆறு வயதுக் குழந்தையை எடுத்திருக்கிறார்கள்! வளரும் உடம்பைக் கதிர்வீச்சு அதிகம் பாதிக்கும். வயதையும் உடல் பருமனையும் பார்த்து அளவைக் குறைப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ் சைனாய் மருத்துவமனையில் நடந்தது 2009-இல் வெளியே வந்தது. மூளை ஸ்கேனில் தவறான செட்டிங் காரணமாக 18 மாதங்களில் 206 பேருக்கு வழக்கத்தைப் போல எட்டு மடங்கு கதிர்வீச்சு போயிருந்தது. முடி கொட்டிய ஒரு நோயாளி வந்து சொன்ன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அளவைப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருக்கலாம்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு என் கோரிக்கை இதுதான். இயந்திரம் தானாகவே காட்டும் அந்தக் கதிர்வீச்சு அளவை ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு வரிதான், தனிச் செலவு கிடையாது. முந்தைய ஸ்கேனைப் பார்க்காமல் மறு ஸ்கேன் எடுத்தால் காரணத்தை எழுதி டாக்டர் கையெழுத்துப் போடட்டும். பெற்றோர் பயந்துகொண்டு தேவையான ஸ்கேனை மறுத்துவிடவும் வேண்டாம். "போன வாரம் எடுத்தது இருக்கிறது, இது போதாதா?" என்று கேட்டாலே போதும்.

பேத்தியின் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் இரண்டு ஸ்கேன்களின் தேதியையும் அளவையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

- ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன், விருதுநகர்