மெஸ்கால் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள கதிர்,

அடுத்த மாதம் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்துக்குப் போகிறாய், எனக்கு அங்கத்திய கற்றாழைச் சாராயமான மெஸ்கால் ஒரு பாட்டில் வாங்கி வருகிறேன் என்றாய். சந்தோஷம். கூடவே, "ஒரு சாராயத்துக்கு இவ்வளவு விலையா, வெறும் பெயருக்குத்தானே?" என்றும் கேட்டாய். பெயருக்கும் கொஞ்சம் போகிறதுதான். மீதி எங்கே போகிறது என்று சொல்கிறேன்.

நம்மூரில் வேலியோரம் நிற்கிறதே ஆனைக் கற்றாழை, அது மெக்சிகோவிலிருந்து வந்த செடி. அதன் பங்காளிகளைத்தான் அங்கே மெஸ்காலுக்கு வெட்டுகிறார்கள். அதிகம் பயிராவது எஸ்பதீன் என்ற வகை. அது முற்றவே 6 முதல் 8 ஆண்டு ஆகும். தொபலா என்ற வகைக்கு 10, 15 ஆண்டு. தெபெஸ்தாத்தே என்ற காட்டு வகைக்கு 20 ஆண்டுக்கு மேல். பூத்துவிட்டால் செடி செத்துப்போகும். அதனால் பூந்தண்டு கிளம்பும்போதே நறுக்கிவிட்டு, சர்க்கரை நடுத்தண்டிலேயே தங்கும்படி விடுகிறார்கள். ஒரு லிட்டருக்கு அந்தத் தண்டு சுமார் 10 கிலோ வேண்டும். இவ்வளவு காலம் காத்திருக்கிற வேலையை எந்த முதலாளி தொடங்குவான்? நிலமும் பிள்ளைகளும் உள்ள குடும்பம்தான் தாங்கும்.

வெட்டியதைக் குழியில் சுடுகிறார்கள். விறகு மூட்டி, கல்லைச் சூடேற்றி, தண்டுகளை அடுக்கி, சக்கையாலும் மண்ணாலும் மூடி மூன்று முதல் ஐந்து நாள் விடுவார்கள். புகை மணம் வருவது இங்கிருந்துதான். (புகை எவ்வளவு தூக்கலோ அவ்வளவு ஒசத்தி என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே. சில பாட்டிலுக்குள் கிடக்கும் புழுவும் அப்படித்தான், விற்பனைக்காக வந்தது.) அப்புறம் குதிரையோ மாடோ இழுக்கும் கல்லுருளையில் நசுக்கி, மரத்தொட்டியில் தண்ணீர் விட்டுப் புளிக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் எதுவும் வாங்கிப் போடுவதில்லை, காற்றில் இருப்பதே போதும். குளிர் நாளில் அதற்கு இரண்டு வாரம்கூட ஆகும்.

நேரம் கிடைத்தால் சாந்தா கத்தரினா மினாஸ் என்ற ஊருக்குப் போய்ப் பார். அங்கே இன்னும் மண்பானையில் வடிக்கிறார்கள். அடுப்பில் ஒரு பானை, அதன்மேல் அடியில்லாத இன்னொரு பானை, உச்சியில் குளிர்ந்த நீர் நிற்கும் செம்புத் தட்டு. ஆவி தட்டின் அடியில் பட்டுச் சொட்டும், அது நாணல் குழாய் வழியே வெளியே வரும். இப்படி இரண்டு முறை. பானை சின்னது என்பதால் ராத்திரி பகலாக யாராவது ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அப்பா தூங்கினால் மகள், மகள் போனால் சித்தப்பா. வீரியம் பார்க்க நாணல் குழலில் உறிஞ்சிச் சுரைக்குடுக்கையில் விடுவார்கள். நுரைமுத்து நிற்பதைப் பார்த்தே தலையையும் (வடிப்பில் முதலில் வருவது) வாலையும் (கடைசியில் வருவது) எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்கிறார்கள். புதிதாகப் பழகும் பையனுக்கு இந்தக் கணக்கு படிய வருடக்கணக்காகும்.

1994-இல் மெஸ்காலுக்குப் பிறப்பிடக் காப்பு (நம்மூர் புவிசார் குறியீடு மாதிரி) கிடைத்தது. 2017-இல் வெளிவந்த விதி அதை மூன்றாகப் பிரித்தது: வெறும் மெஸ்கால், ஆர்தெசனால் (கைவினை முறை), அன்செஸ்திரால் (முன்னோர் முறை). மண்பானையில் மட்டுமே வடித்தது கடைசி வகை. பிரித்தது நல்லதுதான். ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டணும், பரிசோதனை செய்யணும், காகிதம் எழுதணும். சின்னக் குடும்பங்களில் பலர் அதில் சேராமல் 'டெஸ்டிலாதோ தெ அகாவே' (கற்றாழை வடிப்பு) என்று ஒட்டி விற்கிறார்கள். மெஸ்கால் என்று போட அவர்களுக்கு உரிமை இல்லை, சரக்கு மட்டும் அதே சரக்கு. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

ஆகவே முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதே. வடித்தவர் பெயர், ஊர், கற்றாழை வகை, எந்த வடிப்பு என்று லேபிளில் எழுதியிருக்கிறதா பார். முடிந்தால் வடிக்கும் இடத்திலேயே வாங்கு. அங்கே பேரம் பேசாதே, சரியா?

தெபெஸ்தாத்தே கண்ணில் பட்டால் ஆசைப்பட்டு உடனே எடுத்துவிடாதே. நட்டு வளர்த்ததா, காட்டில் பிடுங்கியதா என்று கேள். கிராக்கி ஏறியதிலிருந்து முற்றாத காட்டுச் செடிகளையும் வெட்டுகிறார்கள். பதில் மழுப்பலாக வந்தால் எனக்கு எஸ்பதீனே போதும்.

அன்புடன்,
அண்ணன்