திருநங்கையர் தலைவாரல்: ஏறுநெற்றியிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகளிர் பக்கங்களில் அவ்வப்போது வரும் 'முகத்துக்கேற்ற முடி வெட்டு' குறிப்புகள் வட்டம், நீள்வட்டம், சதுரம் என்று முகத்தைப் பிரித்து ஆளுக்கொரு வெட்டு சொல்கின்றன. அதைப் பார்த்து வெட்டிக்கொள்ளும் திருநங்கையர் பலருக்கு முகம் முன்னைவிடக் கடுமையாகத் தெரிகிறது. குறிப்பு தவறில்லை, ஆரம்பிக்கும் இடம்தான் வேறு. ஆண் ஹார்மோனோடு பருவமடைந்த முகத்தில் கன்னமும் தாடையும் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது முடி தொடங்கும் கோட்டை.

கண்ணாடி முன் நின்று முடியை முழுக்கப் பின்னால் வாரிப் பிடியுங்கள். நெற்றிப்பொட்டுகளுக்கு மேல் இரு மூலையும் உள்வாங்கியிருந்தால் ஏறுநெற்றி. புருவத்துக்கு மேல் நான்கு விரலைக் கிடையாக வைத்தும் இடம் மிஞ்சினால் உயர்ந்த நெற்றி. இரண்டில் எது இருந்தாலும் நேர் வகிடும், எண்ணெய் வைத்துப் படிய வாரிய இறுக்கப் பின்னலும் பொருந்தாது. இரு மூலைகளும் ஒருசேர வெளியே தெரியும். எந்தப் பக்கம் அதிகம் உள்வாங்கியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், நடுவிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. தள்ளி வகிடு எடுங்கள். முடி குறுக்கே விழுந்து மோசமான மூலையை மூடும். பின்னுவதற்கு முன் காதோர முடியைக் காதின் மேல்பாதி மறையும்படி தளரவிட்டு, பின்னால் ஊசி குத்துங்கள். மிச்சம் தெரியும் இடத்தில் முடி நிறத்துக்குப் பொருந்தும் ஐ ஷேடோ தூளைச் சிறு பிரஷ்ஷால் ஒற்றினால் போதும். கண் மை வேண்டாம், வியர்வையில் வழியும்.

முன்முடி வெட்டுவது நல்ல உபாயம்தான், ஆனால் புருவத்தை ஒட்டி நேர்கோடாக வெட்டினால் மேடான புருவ எலும்பின் மேலேயே பார்வை போய் நிற்கும். ஒரு பக்கம் சரிந்து, கன்ன எலும்பில் முடிகிற முன்முடிதான் மென்மை தரும். ஈரத்தில் வெட்டிய சுருள் முடி காய்ந்ததும் மேலே ஏறிவிடும். அதனால் முதலில் மூக்கு நுனி வரை விட்டு வெட்டச் சொல்லி, காய்ந்த பிறகு குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி தாடை. டேப்பால் நெற்றி அகலத்தையும் தாடை அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமானால், முடியின் முனை தாடை மட்டத்தில் நிற்கவே கூடாது; கோடு போட்டுக் காட்டியது போலாகிவிடும். காறை எலும்பு வரை நீளம் வைத்து, கன்னத்திலிருந்து லேயர் (நீளம் படிப்படியாக மாறும் வெட்டு) தொடங்கலாம். முகத்தின் நீளம் கன்ன அகலத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் உச்சியில் முடியை உப்பலாகத் தூக்கிவிடும் பஃப் கூடாது. (பார்லர்களுக்குப் பஃப் மேல் ஏன் இவ்வளவு மோகமோ!) கொண்டையைப் பிடரியில் தாழ்த்திப் போட்டு, மல்லிகையை இரு காதுக்கும் பின்னால் தெரியுமாறு அகல வையுங்கள். வட்ட முகத்துக்குத்தான் உச்சியில் கொஞ்சம் உயரம் அழகு.

முகவடிவத்தைவிட அதிகம் கெடுப்பது சவுரி. முடி தோள் வரைகூட வளராத நிலையில் உச்சியிலேயே கனமான சவுரியைக் கோத்து, அதன் மேல் குஞ்சலமும் இரண்டு முழம் பூவும் ஏற்றினால், பாரம் முழுதும் நெற்றிப்பொட்டு வேர்களை இழுக்கிறது. முதலில் அங்கே சிறு பருக்களும் ஒடிந்த குட்டை முடிகளும் தெரியும். அப்போதே நிறுத்தினால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பாகி, அந்த இடம் நிரந்தர வழுக்கையாகும். ஏற்கெனவே ஏறியிருக்கும் நெற்றியை நம் கையாலேயே இன்னும் ஏற்றிவிடுகிறோம். சொந்த முடியைப் பிடரியில் தளர்ந்த குதிரைவாலாகக் கட்டி, அதில் லேசான சவுரியைச் சேர்த்துப் பின்னுங்கள். படுக்கும் முன் கழற்றிவிட வேண்டும். பெரிய சடைதான் வேண்டுமென்றால் அதை விசேஷ நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். கிராப்பிலிருந்து கொண்டை போடும் நீளத்துக்கு இரண்டு ஆண்டாவது ஆகும். இடைக்காலத்தில் முன்னால் கை வைக்காமல், பிடரி முடியை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்டி வந்தால் உருவம் கெடாது. ஹார்மோன் சிகிச்சை இனிமேல் கொட்டுவதைத் தடுக்கலாம், ஆனால் வெகுநாள் முன்பு போன மூலைகள் பெரும்பாலும் திரும்பாது. முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில் போட்டால் தொடக்க வாரங்களில் அதிகம் கொட்டும், பலன் தெரிய நான்கைந்து மாதமாகும். இரண்டையும் மருத்துவர் சொல்படிதான் எடுக்க வேண்டும்.

விக் வாங்குவோர் நெற்றி, காது மேல், பிடரி வழியாகத் தலைச் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். விக்கின் விளிம்பும் புருவத்துக்கு மேல் நான்கு விரலில்தான் உட்கார வேண்டும். ஏறுநெற்றியை மறைக்கிறோம் என்று இறக்கி வைத்தால் தொப்பி போலத் தெரியும். செயற்கை முடியில் சாதாரண ஸ்ட்ரெய்ட்னர் பட்டால் உருகிவிடும்.

சித்திரைப் பௌர்ணமியில் கூத்தாண்டவர் திருவிழாவுக்குக் கூவாகம் போகிறவர்களுக்கு ஒன்று. பூவைச் சவுரியோடு சேர்த்துக் கட்டாமல், கொண்டையைச் சுற்றிக் கொண்டை ஊசியால் தனியாக நிறுத்துங்கள். மறுநாள் தாலியறுப்புச் சடங்கில் பூவைக் களையும்போது பிய்த்து இழுக்காமல் முதலில் ஊசிகளை எடுத்துவிடலாம். குளித்த ஈரத் தலையில் சீப்பு வேண்டாம். முடி காய்ந்ததும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

இப்படிக்கு,
அழகுக்கலைப் பயிற்சியாளர்,
விழுப்புரம்