சிவப்புக் கொய்யா

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. சீரியல் மாமியார்களின் முகம் இப்போது இன்னும் பயங்கரமாகத் தெரிகிறதாம்.

விஷயம் என் பல். போன மாதம் கொய்யாப்பழம் கடித்தேன். கடித்த இடம் சிவப்பு. சிவப்புக் கொய்யா என்று நினைத்து முழுசாகத் தின்றுவிட்டேன், சிரிக்காதே. மறுநாள் பிரஷ்ஷிலும் அதே சிவப்பு. டாக்டர் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியை விட்டு, "மூணு, ரெண்டு, ஆறு" என்று ஏலம் கூறுவதுபோல் சொல்லிக்கொண்டே போனார். அந்த இடுக்கின் ஆழமாம் அது; 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லையாம். அந்த 6 இருக்கிறதே, அங்கே எலும்பு கரைந்திருக்கிறது.

நம் வித்யா பல் மருத்துவம் நாலாம் வருடம் இல்லையா, அவளைப் பிடித்துக்கொண்டேன். போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்று ஒரு கிருமி. காற்றுப் படாத இடுக்கில்தான் குடித்தனம். அதன் மேலுறையை ஈறுச் செல்கள் அடையாளம் கண்டதும் கூச்சல் போடுகின்றன. இன்டர்லூக்கின்-8 என்ற புரதம்தான் அந்தக் கூச்சல். அதைக் கேட்டு ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் ஓடிவர வேண்டும். இந்தக் கிருமிப் பயலிடமோ ஜிஞ்சிபெயின் என்ற நொதி இருக்கிறது. கூப்பிட்ட குரலையே நறுக்கிப் போட்டுவிடுகிறான். வந்து சேர்ந்த வெள்ளணுக்களும் இவனைப் பிடிக்க முடியாமல், கையிலிருக்கும் நொதிகளை அங்கேயே கொட்ட, நம் சதைதான் நாசமாகிறது. வீங்கிய ஈறில் கசியும் ரத்தத்தின் இரும்புச்சத்து அவனுக்குச் சாப்பாடு. சண்டை மூட்டிவிட்டு அதே வீட்டுப் பந்தியில் உட்காருவது! நம் சங்கத்துப் பழைய செயலாளர் ஞாபகம் வந்தது.

எலும்பைக் கரைப்பதும் நம் உடம்பின் செல்களேதான் என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிரவு தூங்கவில்லை.

உன்னிடம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "எனக்கு ஈறில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை" என்று பீற்றிக்கொள்வாயே, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் கசிவது குறைந்துவிடுமாம். நோய் பாட்டுக்கு உள்ளே நடக்கும். போதாததற்கு உனக்குச் சர்க்கரை வேறு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது.

எனக்குப் பல்லில் படிந்திருந்த காரையை இரண்டு தடவையாகச் சுரண்டி எடுத்தார்கள். அடுத்த மாதம் மறுபடி அளக்க வேண்டும். ஆவணியில் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா, அதே டாக்டரிடம் உன் பேரையும் கொடுத்துவிட்டேன். கம்பியைப் பார்த்து ஓடினால் மூர்த்தியிடம் சொல்லிவிடுவேன்.

உன்
ராஜா