சுவரோவியங்களை அழிக்கும் முன் ஓவியருக்கு அறிவிப்பு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நகரின் சுவரோவியங்களையும் அவற்றை வரைவோரையும் தொடர்ந்து கவனித்துப் படமெடுத்துப் பதிவு செய்து வரும் குடிமக்கள்
(பெயர், முகவரி, கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: பொதுச் சுவர்களில் உள்ள ஓவியங்களுக்குப் பதிவேடு பராமரித்தல், அழிக்கும் முன் ஓவியருக்கு அறிவிப்பு வழங்குதல், ஓவியர் பெயர் இடம்பெறச் செய்தல் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேம்பாலத்தின் அடிச்சுவரில் இருந்த பெண் தூய்மைப் பணியாளரின் ஓவியத்தின் மேல் அண்மையில் சாம்பல் நிறப் பெயிண்ட் அடிக்கப்பட்டது. ரோலர் எட்டிய உயரம் வரை அடித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு மேலே நெற்றியும் இரண்டு கண்களும் மட்டும் மிச்சம். முழுவதும் அழித்திருந்தாலாவது ஒரு சுவர் போயிற்று என்று விட்டிருப்போம்.

பெயிண்ட் அடித்த தொழிலாளர்களை நாங்கள் குறை கூறவில்லை. கட்சி விளம்பரங்களை அழித்துச் சுவரைச் சுத்தம் செய்யுமாறு அவர்களுக்கு உத்தரவு, செய்துவிட்டார்கள். எது விளம்பரம், எது அனுமதி பெற்று வரைந்த ஓவியம் என்று பிரித்துச் சொல்ல அவர்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, சுவரோவியங்களுக்கென்று பட்டியல் எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றே பதில் வந்தது. இந்த மனுவுக்கு அந்தப் பதில்தான் காரணம். சுவரில் கட்சிக்காரர்கள் ஆண்டு குறிப்பிட்டு ‘ரிசர்வ்’ என்று எழுதி வைத்தால், அதன் மேல் இன்னொரு கட்சிகூடத் தூரிகை வைக்கத் தயங்குகிறது. மாநகராட்சியே அனுமதித்த ஓவியத்துக்கு அந்த மரியாதைகூட இல்லை.

1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் (உருக்குலைப்பைத் தடுத்தல்) சட்டம் அனுமதியின்றிச் சுவர்களைப் பாழாக்குவதைத் தடுக்க வந்தது. அச்சட்டத்தை எதிர்த்து நாங்கள் எதுவும் கேட்கவில்லை. சொல்லப்போனால், மைதா பசை தடவி ஓவியத்தின் மேல் ஒட்டப்படும் சுவரொட்டிகளால் அதிகம் பாதிக்கப்படுவோர் ஓவியர்கள்தாம். சுவரொட்டியைக் கிழித்தால் அடியில் இருக்கும் நிறமும் சேர்ந்து உரிந்து வருகிறது. ஆனால் அனுமதி பெற்ற ஓவியத்தையும் சுவரொட்டியையும் ஒரே ரோலரால் தீர்த்துக்கட்டுவது அச்சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது.

மறுபக்கம், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு இருக்கிறது. பதிப்புரிமையையே பிறருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட பின்பும், படைப்பு தன்னுடையது என்று உரிமை கோரவும், தன் மதிப்புக்குக் குந்தகம் வரும்படி அது சிதைக்கப்பட்டால் இழப்பீடு கேட்கவும் படைப்பாளிக்கு அப்பிரிவு உரிமை தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் செகல் உருவாக்கிய மாபெரும் வெண்கலச் சுவர்ப்படைப்பு 1979-இல் அவருக்குத் தெரிவிக்காமலே கழற்றி எடுக்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2005-இல் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பணம் கொடுத்து வாங்கிய அரசே ஆனாலும் படைப்பை நினைத்தபடி சிதைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நியூயார்க் நகரில் ‘ஃபைவ் பாயிண்ட்ஸ்’ என்று அறியப்பட்ட, சுவரோவியங்கள் நிறைந்த கட்டட வளாகத்தின் கதை இன்னும் நேரடியானது. கட்டடத்தை இடிப்பதைத் தடுக்கக் கோரிய ஓவியர்களின் மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமையாளர் பொறுத்திருந்தால் சிக்கலே இருந்திருக்காது. 2013 நவம்பரில் அவர் முன்னறிவிப்பு இல்லாமல் இரவோடு இரவாக வெள்ளையடித்தார். 2018-இல் 21 ஓவியர்களுக்கு மொத்தம் 67.5 லட்சம் டாலர் வழங்கும்படி தீர்ப்பு வந்தது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த நாட்டுச் சட்டம், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுக்கக்கூடிய படைப்பாக இருந்தால் ஓவியருக்கு 90 நாள் எழுத்துப்பூர்வ அவகாசம் தரச் சொல்கிறது.

நாங்கள் 90 நாள் கேட்கவில்லை. 15 நாள் போதும். ஓவியம் என்றென்றும் நிலைக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. வெயிலிலும் மழையிலும் நிற்கும் சுவரில் உப்புப் பூக்கும், காரை உதிரும், குழாய் பதிக்கத் தோண்டுவார்கள், பாலத்தை விரிவாக்குவார்கள். இதெல்லாம் தெரிந்துதான் அந்தக் கலைஞர்கள் சாரத்தின் மேல் ஏறுகிறார்கள். அழிக்கப் போகும் செய்தி முன்கூட்டித் தெரிந்தால் வரைந்தவர் கடைசியாக ஒருமுறை நல்ல படம் எடுத்துக்கொள்வார். சீர்செய்யக்கூடிய சேதமென்றால் தாமே வந்து சீர்செய்தும் கொடுப்பார்.

இதற்குப் பெரிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் ஒரு பதிவேடு போதும்: சுவர் இருக்கும் இடம், ஒரு புகைப்படம், வரைந்தவர் பெயர், தொடர்பு எண், வரைந்த ஆண்டு, அனுமதி ஆணையின் எண். சுவர் சுத்தம் செய்யும் பணி ஆணையுடன் அந்தப் பட்டியலின் நகலையும் ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட வேண்டும். தேர்தல் அறிவிப்பு வெளியான உடனேயே சுவர்களுக்கு வெள்ளையடிக்கும் அவசரம் வந்துவிடுவதால், அதற்கு முன்பே பட்டியல் தயாராக இருப்பது நல்லது. முதல் பட்டியலுக்கு வேண்டிய படங்களையும் விவரங்களையும் நாங்களே இலவசமாகத் தருகிறோம். மாதிரிக்குச் சில பக்கங்களை இணைத்திருக்கிறோம்.

பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பல சுவர்களில் நன்கொடை அளித்த நிறுவனத்தின் சின்னம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. வரைந்தவரின் பெயரைக் குனிந்து தேட வேண்டியிருக்கிறது, சில இடங்களில் தேடினாலும் இல்லை. சதுர அடிக் கணக்கில் ஒப்பந்ததாரர் பணி எடுக்கிறார், ஓவியருக்கு நாள் கூலி கொடுக்கிறார், பெயர் போட இடம் கொடுப்பதில்லை. கட்-அவுட்டும் பேனரும் வரைந்து வந்தவர்கள் பிளெக்ஸ் வந்ததும் பிழைப்பை இழந்தார்கள். அவர்களில் சிலர் சுவரோவியத்தால்தான் மறுபடியும் தூரிகை பிடித்திருக்கிறார்கள். பெயரோ எண்ணோ இல்லாத சுவரால் அவர்களுக்கு அடுத்த வேலை கிடைக்காது. ஆகவே இனி வரும் ஒப்பந்தப் புள்ளிகளில், ஓவியரின் பெயர் படிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சென்னை கண்ணகி நகரையும் டெல்லி லோதி காலனியையும் ஓவியங்களைப் பார்ப்பதற்கென்றே மக்கள் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சுவர்க் கிறுக்கல்களை ஒழிக்க 1984-இல் நகர நிர்வாகம் தொடங்கிய இயக்கம், கிறுக்கியவர்களையே ஓவியம் தீட்ட வைத்தது. பின்னர் அந்நகரத்தின் பெரும் சுவரோவியத் திட்டமாகவே வளர்ந்தது. நமது நகரில் அவ்வளவு பெரிதாக எதுவும் உடனே வேண்டியதில்லை. இருப்பவற்றைக் கணக்கில் எடுத்தாலே போதும்.

மேம்பாலச் சுவரை மீண்டும் வரைந்து தர அந்த ஓவியர் ஆயத்தமாக இருக்கிறார். அதற்கான அனுமதியை வழங்கி, மேற்கண்ட கோரிக்கைகள் குறித்துப் பேச ஓவியர்கள், மண்டலப் பொறியாளர்கள் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றுக்கு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், மேம்பாலச் சுவரின் முந்தைய, தற்போதைய படங்கள், பதிவேட்டு மாதிரிப் பக்கங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிலின் நகல்.