கிட்டா செரெனி கேட்ட கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொடுமை செய்தவர்களின் வாழ்க்கையை எழுதுவது அவர்களுக்கு நல்லவர் வேஷம் கட்டிவிடும் வேலை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பத்திரிகையாளர் கிட்டா செரெனியின் நூல்களைப் படித்தவள் என்பதால் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

1921-இல் வியன்னாவில் பிறந்தவர் செரெனி. போர் முடிந்ததும் ஐ.நா. நிவாரண அமைப்பில் சேர்ந்து, நாஜிகள் பெற்றோரிடமிருந்து பறித்துப்போன பிள்ளைகளுக்காக வேலை பார்த்தார். அவரேதான் 1971-இல் டூசல்டார்ஃப் சிறைக்குப் போய் ஃபிரான்ஸ் ஷ்டாங்கல் எதிரே உட்கார்ந்தார். போலந்தில் குறைந்தது 7 லட்சம் பேரைக் கொன்ற நாஜி முகாமான ட்ரெப்ளிங்காவின் தளபதி அந்த ஆள். சுமார் 70 மணி நேரம் பேசவைத்தார்.

போருக்குப் பின் பிரேசிலில் ஒருநாள் அவன் போன ரயில் ஓர் இறைச்சிக்கூடத்தின் பக்கத்தில் நின்றதாம். வேலி ஓரம் வந்து ரயிலையே பார்த்துக்கொண்டிருந்த மாடுகளின் கண்கள் அவனுக்கு ட்ரெப்ளிங்காவை நினைவூட்டின. அப்புறம் டப்பா இறைச்சியைச் சாப்பிடவே முடியவில்லை என்கிறான். அப்படியானால் அந்த மக்களை மனிதர்களாக நினைக்கவில்லையா என்று கேட்டால், அவர்கள் சரக்கு என்கிறான். செரெனி கத்தவில்லை. எப்போதிலிருந்து அப்படி நினைக்க ஆரம்பித்தீர்கள் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் எங்கே இருக்கிறது நல்லவர் வேஷம்? கடைசிச் சந்திப்பில் திக்கித் திணறித் தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஷ்டாங்கல், 19 மணி நேரத்தில் மாரடைப்பில் இறந்துபோனான்.

செரெனி அதோடு விடவில்லை. பிரேசிலில் அவன் மனைவியைப் பார்த்து, 'ட்ரெப்ளிங்காவா, நானா என்று நீங்கள் கேட்டிருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்?' என்று கேட்டார். அந்தம்மா உள்ளே போய்ப் படுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுதுவிட்டு வந்து, என்னைத்தான் என்றார். பிறகு அதை மறுத்து ஒரு கடிதம் அனுப்பினார். செரெனி 1974-இல் வந்த தன் நூலில் இரண்டையும் அச்சிட்டார். படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்லவில்லை. 10, 11 வயதில் இரண்டு சிறுவர்களைக் கொன்ற ஒரு பெண்ணைப் பற்றி 1998-இல் எழுதியபோது, நூலுக்குக் கிடைத்த பணத்தில் அவளுக்கும் பங்கு கொடுத்தார். பிரிட்டனே கொதித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் கோபம் நியாயமானது. பணம் கொடுத்திருக்கவே கூடாது. ஆனால் ஒரு குழந்தை ஏன் கொலை செய்தது என்று கேட்டதில் தவறில்லை.

செரெனி 2012-இல் காலமானார். அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். அந்த மனைவியின் இரண்டு பதில்களையும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மன்னார்குடி