சிபாரிசுக்கு முன் படிவத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகங்களில் இளைஞர்களுக்குக் கொடுக்கும் இன்டர்ன்ஷிப் பற்றிப் பேச்செடுத்தாலே, "உள்ளே ஆள் இருந்தால்தான் கிடைக்கும்" என்று நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெற்றோர் அலுத்துக்கொள்கிறார்கள். சிபாரிசே கிடையாது என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் படிவத்திலேயே கழிந்துபோன விண்ணப்பத்துக்குச் சிபாரிசை நொந்து என்ன பயன்?

மாகாண அரசும் நகராட்சியும் வேறு வேறு வாசல்கள். குவாசூலு-நட்டால் மாகாணத் துறைகளுக்குப் பொதுச் சேவைச் சட்டப்படியான இஸட் 83 என்ற விண்ணப்பப் படிவம். ஈதெக்வினி, ம்சுண்டுசி போன்ற நகராட்சிகள் அந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. அவற்றின் விண்ணப்பப் படிவமே வேறு. ஒன்றை நிரப்பி இரண்டுக்கும் அனுப்புவது தபால் செலவுக்குத்தான் கேடு.

இஸட் 83 படிவம் 2021 ஜனவரி 1 முதல் மாறிவிட்டது. பழைய பிரதியை எங்கிருந்தோ இறக்கி நிரப்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்; அது செல்லாது. முதல் பகுதியில் பதவி, துறை, குறிப்பு எண் ஆகியவற்றை விளம்பரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். ஒரே துறை பல கிளைகளுக்கு ஆள் எடுக்கும்போது குறிப்பு எண் தப்பினால் விண்ணப்பம் எந்தக் கட்டிலும் சேராது. ஏ முதல் டி வரையுள்ள பகுதிகளில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. பொருந்தாததற்குப் 'பொருந்தாது' என்று எழுதினால் போதும். கல்வி, வேலை விவரங்களுக்கு இடம் போதாவிட்டால் 'சிவியைப் பார்க்க' என்று எழுதலாம், ஆனால் சிவி (தன்விவரக் குறிப்பு) கூடவே இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் சுருக்கொப்பம், கடைசியில் முழுக் கையெழுத்து. கையெழுத்து இல்லாத படிவத்தை யாரும் மேற்கொண்டு படிப்பதில்லை. சான்றிதழ் நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கக் காவல் நிலைய வரிசையில் இப்போதே நிற்க வேண்டாம். குறும்பட்டியலில் வந்தவர்களிடம்தான் அவற்றைக் கேட்பார்கள். இந்தியாவில் படித்து வந்தவர்கள் மட்டும் சாக்வா (தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம்) தரும் மதிப்பீட்டுச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரி மாணவர்களின் நிலைமைதான் உண்மையில் சிக்கல். கடைசி நிலையான என் 6 தேறினால் மட்டும் டிப்ளோமா கையில் வராது. வணிகப் பாடங்களுக்கு 18 மாத வேலைப் பயிற்சி வேண்டும். பொறியியலுக்கு இன்னும் கூடுதல். விளம்பரத்தில் 'மாணவர் இன்டர்ன்ஷிப்' என்றிருந்தால்தான் அது இவர்களுக்கு. 'பட்டதாரி இன்டர்ன்ஷிப்' படிப்பை முடித்து வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு, பெரும்பாலும் 35 வயதுக்குள், முன்பு அதில் சேராதவர்களுக்கு.

இடம் கிடைத்த மகிழ்ச்சியில் செய்த வேலையைப் பதியும் லாக்புக்கை மறந்துவிடுகிறார்கள். மனிதவள மேலாண்மை படித்த பெண்ணைப் பதிவறையில் உட்கார்த்தி ஆறு மாதம் கோப்பு அடுக்கவிட்டால், அந்த மாதங்களைக் கல்லூரி ஏற்காமல் போகலாம். 'கோப்பு அடுக்கினேன்' என்ற வரிக்கும், 'விடுப்பு விண்ணப்பங்களைச் சரிபார்த்துப் பெர்சாலில் (அரசின் பணியாளர், சம்பளக் கணினி அமைப்பு) ஏற்றத் தயார் செய்தேன்' என்ற வரிக்கும் உள்ள தூரம் ஒரு டிப்ளோமாவின் தூரம். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மூன்றைக் கேட்டுவிட வேண்டும்: மேற்பார்வையாளர் யார், எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம், லாக்புக்கில் ஒப்பமிடுவது யார். ஒப்பத்தை மாதாமாதம் வாங்கிவிடுங்கள். 18 மாதத்துக்கும் சேர்த்துக் கடைசியில் வாங்கலாம் என்றிருந்தால், அதற்குள் அந்த அதிகாரி மாற்றலாகியிருப்பார், இல்லை ஓய்வு பெற்றிருப்பார். புதிதாக வந்தவர் தான் பார்க்காத வேலைக்கு ஒப்பமிட மாட்டார், அதில் தப்பும் இல்லை.

உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை. வரி எண்ணும் தன் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கும் இல்லாவிட்டால் பணம் வராது. அப்பா கணக்கு, அத்தை கணக்கு எதுவும் ஆகாது.

கணக்கியல், பொருளாதாரம், உள்தணிக்கை படித்தவர்கள் நகராட்சி நிதி மேலாண்மை இன்டர்ன்ஷிப்பை ஏனோ கண்டுகொள்வதில்லை. தேசியக் கருவூலத்தின் மானியத்தில் நடப்பது இது. நகராட்சி குறைந்தபட்சம் இத்தனை பேரை எடுக்க வேண்டும் என்பதே மானிய நிபந்தனை. வரவு செலவுத் திட்டம், கொள்முதல், வருவாய் என்று பிரிவு பிரிவாகச் சுற்றவிட வேண்டும். ஒரே மேசையில் ரசீது எழுதவைத்தால், தலைமை நிதி அதிகாரியிடம் சுழற்சி அட்டவணையை எழுத்தில் கேட்பது இன்டர்னின் உரிமை. டர்பனில் போட்டி அதிகம். சிறிய நகராட்சிகளுக்கும் விண்ணப்பிக்கலாமே.

மாகாண நிதியாண்டு ஏப்ரல் 1, நகராட்சியினுடையது ஜூலை 1. அந்தத் தேதிகளுக்கு முந்தைய மாதங்களில் விளம்பரங்களைக் கவனிக்க வேண்டும். பொதுச் சேவை மற்றும் நிர்வாகத் துறையின் காலிப்பணியிடச் சுற்றறிக்கை வாராவாரம் வருகிறது. உங்கள் இதழில் கால் பக்கம் ஒதுக்கி, குறிப்பு எண்ணையும் கடைசித் தேதியையும் மட்டும் வெளியிட முடியுமா? கோவில் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவதற்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்