டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள ஒரு வரியை மாற்றித் தரப் பரிந்துரைக்க வேண்டி மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ராணுவத்தில் 14 ஆண்டுகள் சிப்பாயாக இருந்தவர்,
கண்மாய்க்கரை, கீழத்தெரு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: நான்கு ரெட் இங்க் என்ட்ரிகளை (தண்டனையைச் சிவப்பு மையில் எழுதும் பதிவுகள்) காரணம் காட்டி ராணுவத்தில் இருந்து என்னை விடுவித்தது – விடுவிப்பின் காரணத்தை மாற்றவும், ஓய்வூதியத்துக்குக் குறைந்த மாதங்களை மன்னிக்கவும் சிப்பாய்களின் பணித் தாள்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்ப வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்காது. எங்கள் தெரு நினைவிருக்கும். போன ஐப்பசியில் கண்மாய் மறுகால் பாய்ந்து கீழத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது நீங்களே இறங்கி நடந்து வந்தீர்கள். ரேஷன் கடை முன்னால் மணல் மூட்டை அடுக்கியிருந்ததைப் பார்த்து, "யார் அடுக்கினது, சரியா இருக்கே" என்று கேட்டீர்கள். அடுக்கியது நான்தான் ஐயா. பட்டாளத்தில் கற்றுக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஊராட்சிக்காரர், "இவரு எக்ஸ் மிலிட்டரி" என்று உங்களிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சட்டப்படி நான் எக்ஸ் மிலிட்டரி இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மனு.

1. நான் 1997 மார்ச் 12 அன்று ராணுவத்தில் சேர்ந்தேன். 2011 ஆகஸ்ட் 20 அன்று விடுவிக்கப்பட்டேன். மொத்தம் 14 ஆண்டு 5 மாதம். சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு வேண்டும். இடையில் 2001 டிசம்பர் முதல் 2002 அக்டோபர் வரை எல்லையில் படை குவித்தபோது ராஜஸ்தான் மணலில் இருந்தேன். 2003 கடைசியில் சியாச்சின் போனேன். இடது கால் சுண்டுவிரல் அங்கே போய்விட்டது.

2. தப்பு செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. முந்தைய மனுக்களை வேறு ஆட்கள் எழுதித் தந்தார்கள், அதில் என்னைப் பழிவாங்கினார்கள் என்று இருக்கும். அது உண்மை இல்லை. இந்த மனுவை நானே எழுதுகிறேன், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2001-இல் லீவு முடிந்து 19 நாள் தாமதமாகப் போனேன். அப்பா இறந்த வருடம். 7 நாள் தண்டனை.

2004-இல் குடித்துவிட்டு, பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் ரோல்காலில் நின்றேன். சியாச்சினில் இருந்து இறங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் கயிற்றில் எனக்கு முன்னால் நடந்தவன் பனிப்பிளவில் விழுந்துவிட்டான், அவனை மேலே எடுக்க ஆறு மணி நேரம் ஆனது, உயிரோடு எடுக்கவில்லை. அதற்கும் குடிக்கும் சம்பந்தம் உண்டா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. 14 நாள் தண்டனை.

2007-இல் மறுபடி 24 நாள் தாமதம். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார், மனைவி கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். ஆனால் ஐயா, 24 நாளும் அம்மாவுக்காக என்று சொல்ல மாட்டேன். முதல் பத்து நாள் அம்மாவுக்காக. மீதி நாள் திரும்பிப் போகவே பயமாக இருந்தது. இரண்டு முறை ரயில் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். 14 நாள் தண்டனை.

2010-இல் என் மேல் இருந்த ஹவில்தாரை எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தையில் பேசினேன். இது முழுக்க என் தப்பு. 28 நாள் தண்டனை.

இந்த நான்கையும்தான் சிவப்பு மையில் எழுதினார்கள். நான்குக்கும் அப்போதே தண்டனை அனுபவித்துவிட்டேன். கைகலப்பு இல்லை, திருட்டு இல்லை, கோர்ட் மார்ஷல் ஒருமுறைகூட இல்லை.

3. 2011 ஆகஸ்டில் ஒருநாள் சாயங்காலம் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஏன் அனுப்பக் கூடாது என்று விளக்கம் கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். எட்டாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. ராணுவ விதி 13-இன் கீழ் விடுவிப்பு. டிஸ்மிஸ் இல்லை, டிஸ்சார்ஜ். ஊரில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, "மிலிட்டரில இருந்து துரத்திட்டாங்க" என்பார்கள். ஆனால் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. டிஸ்மிஸ் ஆனவனுக்கு ஓய்வூதியம் கேட்க உரிமை இல்லை. டிஸ்சார்ஜ் ஆனவன் தகுதி இருந்தால் கேட்கலாம்.

4. நான்கு சிவப்பு மை இருந்தால் ஒருவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 1988 டிசம்பர் 28 தேதியிட்ட ராணுவத் தலைமையகக் கடிதம் இருக்கிறது. அனுப்பும் முன் விசாரணை நடத்த வேண்டும், எத்தனை ஆண்டு வேலை பார்த்தான், எந்த மாதிரி கடினமான இடங்களில் இருந்தான், ஓய்வூதியத்தை நெருங்கிவிட்டானா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. என் விஷயத்தில் விசாரணையே நடக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 2017-இல் விசாரணைத் தாள் கேட்டேன். அப்படி ஒரு தாள் கோப்பில் இல்லை என்று பதில் வந்தது. 14 வருடம் வேலை பார்த்த ஒருவனை அனுப்பும்போது ஒரு தாள்கூட எழுதவில்லை.

2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதே போன்ற ஒரு சிப்பாயின் வழக்கில், சிவப்பு மைப் பதிவுகளை மட்டும் வைத்து அனுப்பியது செல்லாது, அந்த 1988 கடிதத்தைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஓய்வூதியத் தகுதி வரும் நாள் வரை அவர் பணியில் இருந்ததாகவே கருதச் சொன்னது, வேலையில் இல்லாத காலத்துக்கான பின் சம்பளம் தரவில்லை. நானும் பின் சம்பளம் கேட்கவில்லை ஐயா. ஒரு ரூபாய் பாக்கி வேண்டாம், எழுதித் தருகிறேன்.

5. இனி எனக்கு எது வலிக்கிறது என்று சொல்கிறேன். பணம்கூட இரண்டாவதுதான்.

என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுவிப்புக்கான காரணம் என்ற இடத்தில் "சர்வீசஸ் நோ லாங்கர் ரிக்வயர்ட்" என்று இருக்கிறது. இவன் சேவை இனித் தேவையில்லை. நான்கே வார்த்தை. பதினான்கு வருடமாக அந்தப் புத்தகத்தை நான் எங்கெல்லாம் நீட்டினேனோ அங்கெல்லாம் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள். சியாச்சின் எழுதிய பக்கம் இருக்கிறது, அதை யாரும் திறந்ததில்லை.

வங்கிக் காவலர் வேலைக்குப் போனேன். துப்பாக்கி வைத்திருக்கும் காவலர் வேலை முன்னாள் படைவீரருக்குத்தான். அங்கிருந்த மேலாளர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தார். மரியாதையாகத்தான் தந்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் செக்யூரிட்டி ஏஜென்சி ஒன்றில், அங்கேயும் அதே பக்கம். முன்னாள் படைவீரருக்கு ஒரு சம்பளம், மற்றவர்களுக்கு ஒரு சம்பளம், நீ இரண்டாவது என்றார்கள். சரி என்று சேர்ந்தேன். இன்று ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவல். கையில் ஒரு விசிலும் டார்ச்சும். கால் விரல் போன இடம் மார்கழியில் இன்னும் மரத்துப்போகிறது. இசிஎச்எஸ் மருத்துவ அட்டை ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு, எனக்குக் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் "எப்படி ஆச்சு" என்று கேட்டால் விபத்து என்று சொல்கிறேன். சியாச்சின் என்று சொன்னால், அப்புறம் ஏன் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்பார்கள்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது 2023-இல் நடந்தது. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு, அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். வீட்டில் யாரிடமும் நான் டிஸ்சார்ஜ் ஆன காரணத்தைச் சொன்னதில்லை. காலில் அடிபட்டதால் அனுப்பினார்கள் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். மகளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னோடு சான்றிதழ் வாங்க வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "உங்க அப்பா எக்ஸ் சர்வீஸ்மேன் கணக்குல வர மாட்டாரும்மா, நடத்தை சரியில்லைன்னு அனுப்பியிருக்காங்க" என்று அவளிடமே சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னார். விதிப்படி அவர் சொன்னது சரிதான். நடத்தை காரணமாக விடுவிக்கப்பட்டவர் கிராஜுவிட்டி வாங்கியிருந்தாலும் முன்னாள் படைவீரர் வரையறைக்குள் வர மாட்டார். ஆனால் அதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா ஐயா?

வீடு வரும் வரை அவள் பேசவில்லை. கண்மாய்க்கரை ஏறும்போது மட்டும், "என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்டாள். எனக்கு அன்று பதில் வரவில்லை. இன்று வரை முழுதாகச் சொல்லவில்லை. இந்த மனுவின் நகலை அவளிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், அதனால்தான் இரண்டாம் பத்தியை அப்படி எழுதினேன்.

6. 2012-இல் ரெக்கார்டு ஆபீசுக்கு மனு, பதில் இல்லை. 2016-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகலோடு மனு, "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி. 2019-இல் நினைவூட்டல், பதில் இல்லை. 2022-இலும் 2024-இலும் உங்கள் அலுவலக முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் நாளில் மனு. இரண்டு முறையும், "நீங்க முன்னாள் படைவீரர் பட்டியல்ல இல்லையே, உங்க மனுவை எப்படி எடுக்கிறது" என்றார்கள். பட்டியலில் இல்லை என்பதுதானே ஐயா என் குறை! பட்டியலில் இருந்தால் நான் ஏன் வரிசையில் நிற்கப் போகிறேன்? திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வந்தால், இது ராணுவ விஷயம் என்று அங்கே அனுப்புகிறார்கள். அங்கே போனால் நீ ராணுவமே இல்லை என்று இங்கே அனுப்புகிறார்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போ என்று ஒருவர் சொன்னார். போகலாம். ஆறு மாதத்துக்குள் போயிருக்க வேண்டும், பதினான்கு வருடத் தாமதத்தை மன்னிக்கும்படி தனியாக மனுப் போட வேண்டும், சென்னைக்குப் போய்வர வேண்டும், வக்கீல் வேண்டும். இரவுக் காவல்காரன் சம்பளத்தில் எதை வைப்பது? பரிசீலனையில் உள்ளது, பரிசீலனையில் உள்ளது. எத்தனை வருடம் பரிசீலிப்பார்கள்? தண்டனை கொடுக்க அரைமணி நேரம் போதுமாக இருந்தது.

7. இன்னொன்று. ஓய்வூதியம் இல்லாதவர்களின் ராணுவத் தாள்களை 25 ஆண்டுதான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். என்னுடையது 2036-இல். நான் சியாச்சினில் இருந்ததற்கான தாள் அழிந்துவிடும். என் பெட்டியில் உள்ள அந்தப் புத்தகம் மட்டும் இருக்கும், அந்த வரியோடு.

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும் ஐயா. டிஸ்சார்ஜை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கடிதத்துக்குப் பதில் வராது, உங்கள் கடிதத்துக்கு வரும். நான் கேட்பது இவ்வளவுதான்:

அ) இந்த மனுவை உங்கள் பரிந்துரையோடு ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்பி, எழுத்தில் பதில் கேட்க வேண்டும்.

ஆ) லீவு மீறிய 43 நாளையும் தண்டனை அனுபவித்த 63 நாளையும் கழித்தாலும் என் சேவை 14 ஆண்டு ஒரு மாதத்தைத் தாண்டும். 15 ஆண்டுக்குக் குறைவது ஒரு வருடத்துக்குள்தான். ஒரு வருடம் வரை குறைவை மன்னிக்கும் அதிகாரம் ராணுவத் தலைமையகத்துக்கு உண்டு. அதையோ, உச்ச நீதிமன்றம் செய்தது போல 15 ஆண்டு முடித்ததாகக் கருதுவதையோ, ஏதாவது ஒன்றைச் செய்யும்படி பரிந்துரைக்க வேண்டும்.

இ) அது முடியாது என்றால், தீர்ப்பாயத்துக்குப் போக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் ஒரு வக்கீல் ஏற்பாடு செய்து தர வேண்டும்.

ஈ) இது எதுவுமே முடியாது என்றாலும், அந்தக் காரண வரியையாவது மாற்ற முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். ஓய்வூதியம்கூட வேண்டாம். தண்டனை அனுபவித்துவிட்டான் என்று எழுதட்டும், 14 வருடம் இருந்தான் என்று எழுதட்டும். தேவையில்லை என்று மட்டும் வேண்டாம் ஐயா. அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலும், 2017-இல் வந்த தகவல் உரிமைப் பதிலும், முந்தைய மனுக்களின் ரசீதுகளும் இத்துடன் இருக்கின்றன. அசல் புத்தகம் வேண்டுமென்றால் நானே கொண்டுவருகிறேன். இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் வருவேன். கண்மாய்க்கரையில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள், மிலிட்டரிக்காரர் வீடு என்று கேட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)